காதுக்குள் செருகும் இயர்போன்: ஆயுள் எவ்வளவு, பராமரிப்பது எப்படி?

ஒலிக்கருவிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பாதிக்கு மேல் இயர்போனைப் பற்றியவையாகவே இருந்தன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (வங்கி ஊழியர், மதுரை): ஐயா, வணக்கம். மூன்று ஆண்டுகளில் நான்கு இயர்போன்கள் வாங்கிவிட்டேன். இரண்டில் ஒயர் போயிற்று. ஒன்று காரணமே தெரியாமல் ஊமையானது. நான்காவது ஒயரில்லாதது, அதில் இப்போது சார்ஜ் நிற்பதில்லை. என் அப்பா வைத்திருந்த டேப்ரெக்கார்டர் இருபது ஆண்டுகள் உழைத்தது. ஓர் இயர்போன் நியாயமாக எத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டும்?

பதில்: இயர்போன் பார்ப்பதற்கு ஒரே பொருளாகத் தோன்றினாலும், ஆயுளைக் கணக்கிடும்போது அதை மூன்று நான்கு பொருள்களாகப் பிரித்துப் பார்ப்பதே சரி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் கெட்டுப்போகிறது. ஒலியை எழுப்பும் உறுப்பை டிரைவர் என்கிறோம். பெரும்பாலான இயர்போன்களில் அது ஒரு சிறு காந்தமும், மயிரிழை போன்ற கம்பியால் சுற்றிய சுருளும், அந்தச் சுருளோடு ஒட்டிய மெல்லிய சவ்வும் சேர்ந்தது. ஒன்றோடொன்று உரசித் தேய்வதற்கு அதில் ஏதுமில்லை. ஈரம் புகாமலும், அளவுக்கு மீறி ஒலி ஏற்றாமலும் பார்த்துக்கொண்டால் அது பத்து, பதினைந்து ஆண்டுகள்கூட உழைக்கும். எட்டிமோட்டிக் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ஈஆர்-4 என்ற இயர்போனில் காதுக்குறும்பி அடைத்துக்கொள்ளும் வடிகட்டியைத் தனியே கழற்றி மாற்றிக்கொள்ளலாம். அடைவது எது, பிழைப்பது எது என்பதை அந்த வடிவமைப்பாளர்கள் அன்றே தெரிந்துவைத்திருந்தார்கள் என்பதற்கு அது ஒன்றே போதும்.

கெடுவது டிரைவரைச் சுற்றியுள்ளவைதாம். ஒயர் உள்ளவற்றில் முதலில் போவது ஒயர். அதுவும் நடுவில் அன்று, போனில் செருகும் ஜாக்கை ஒட்டிய இரண்டு விரற்கடை தூரத்தில். ஒயர் இல்லாதவற்றில் முதலில் போவது பேட்டரி. இரு வகைக்கும் பொதுவான எதிரிகள் குறும்பியும் வியர்வையும். உங்கள் நான்கு இயர்போன்களும் ஏறத்தாழ இந்தப் பட்டியலின்படியே போயிருக்கின்றன. ஊமையானதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் அடுத்த பதிலைப் படித்துவிட்டு ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

ஆண்டுக் கணக்கு கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில், அன்றாடம் சட்டைப்பையில் சுருட்டி வைத்துப் பயன்படுத்தும் சாதாரண ஒயர் இயர்போன் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை உழைக்கும். அதையே பதமாகக் கையாள்பவரிடம் நான்கைந்து ஆண்டுகள் தாங்கும். ஒயரைக் கழற்றி மாற்றக்கூடிய வகையாக இருந்தால், ஒயர் போனாலும் இயர்போன் போகாது என்பதால் கணக்கே வேறு. ஒயரில்லாத பட்ஸ் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். அதற்கு மேல் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். டேப்ரெக்கார்டரோடு ஒப்பிடுவது மட்டும் அவ்வளவு நியாயமில்லை. அது மேசைமேல் அசையாமல் இருந்தது. இது ஒரு நாளில் பத்து முறை காதுக்கும் பைக்கும் இடையில் பயணம் செய்கிறது.

கேள்வி (கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை): என் இயர்போனில் வலப்பக்கம் ஒலி படிப்படியாகக் குறைந்து, இப்போது பாதிகூடக் கேட்பதில்லை. கீழே விழவும் இல்லை, நனையவும் இல்லை. டிரைவர் போய்விட்டது, புதிதுதான் வாங்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்கிறார்.

பதில்: அவசரப்பட வேண்டாம். டிரைவர் போனால் பெரும்பாலும் ஒரேயடியாகப் போகும், அல்லது கரகரக்கும். "படிப்படியாக" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. பத்தில் எட்டுப் பேருக்கு இது குறும்பி அடைப்பாகவே இருக்கும் என்பது என் ஊகம்.

முதலில் ஒரு சோதனை. வலப்பக்க இயர்போனை இடக்காதிலும், இடப்பக்கத்ததை வலக்காதிலும் மாற்றிச் செருகிக் கேளுங்கள். மந்தம் இயர்போனோடு சேர்ந்து இடக்காதுக்கு வந்துவிட்டால் குறை இயர்போனில். வலக்காதிலேயே தங்கிவிட்டால் அடைப்பு உங்கள் காதில். அப்போது பார்க்க வேண்டியவர் காது மூக்கு தொண்டை மருத்துவர். காதை இயர்போனால் நாள் முழுக்க அடைத்து வைப்பவர்களுக்குக் குறும்பி தானாக வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தள்ளப்படுவது உண்டு. போனின் அமைப்புகளில் இட வலச் சமநிலைக் கோல் ஒன்று இருக்கும். அது ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதைத் தெரியாமல் தொட்டுவிட்டுப் புது இயர்போன் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

குறை இயர்போனில்தான் என்று தெரிந்தால், ரப்பர் முனையைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். ஒலி வரும் குழாயின் வாயில் மெல்லிய வலை ஒன்று இருக்கும். பத்தாண்டுகளுக்கு முன்பு, இடப்பக்கம் ஊமையாகிவிட்டது என்று நம்பி நானே ஓர் இயர்போனை இழுப்பறையில் போட்டுவிட்டுப் புதியது வாங்கினேன். பல மாதங்கள் கழித்து வேறெதற்கோ பூதக்கண்ணாடியை எடுத்தபோது அந்த வலையைப் பார்த்தேன். தேன்மெழுகைக் காய்ச்சிப் பூசியதுபோல ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை. ஐந்து நிமிட வேலைக்குப் பிறகு அது பழையபடி பாடியது. ஒலி எழுப்பும் உறுப்புக்கு ஒரு குறையும் இருக்கவில்லை, கதவுதான் சாத்தியிருந்தது.

சுத்தம் செய்யும்போது வலை கீழ்நோக்கி இருக்குமாறு இயர்போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதுதான் முக்கியம், மேல்நோக்கிப் பிடித்தால் நீங்கள் கிளறிவிடும் துகள் உள்ளேதான் விழும். புதிய, உலர்ந்த, மென்மையான பல் துலக்கியால் மெதுவாக வருடிக் கொடுங்கள். இறுகியிருந்தால், நோட்டீஸ் ஒட்டப் பயன்படும் களிமண் போன்ற ஒட்டுப்பசையை உருட்டி வலைமேல் லேசாக அழுத்திச் சட்டென்று எடுங்கள். இரண்டு மூன்று முறையில் குறும்பி அதோடு வந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தொட்டு, சொட்டாத அளவுக்குப் பிழிந்துவிட்டு, வலையை ஒற்றியெடுக்கலாம். ஆல்கஹாலை ஊற்றினால் வலையை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும். ஊசியால் குத்துவது, வாயால் ஊதுவது இரண்டும் கூடவே கூடாது. குத்தினால் வலை கிழிந்து சவ்வு வரை போகும். ஊதினால் குறும்பியோடு எச்சிலின் ஈரமும் உள்ளே போகும். ரப்பர் முனைகளை மட்டும் தனியே சோப்பு நீரில் கழுவி, முழுவதும் உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் அடைப்பு என்ற பேச்சுக்கே இடமிருக்காது. பஞ்சு போன்ற ஃபோம் முனைகளைக் கழுவிப் புதுப்பிக்க முடியாது. சில மாதங்களில் அவை உப்பும் தன்மையை இழந்ததும் மாற்றிவிட வேண்டியதுதான்.

கேள்வி (மென்பொருள் பணியாளர், பெங்களூர்): ஒயரில்லாத பட்ஸ் வாங்கி இரண்டாண்டுகள் ஆகின்றன. முதலில் ஐந்து மணி நேரம் பாடியது, இப்போது இரண்டு மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. பேட்டரியை மாற்றித் தரச் சொன்னால், "அதெல்லாம் மாற்ற முடியாது, புதிது வாங்குங்கள்" என்கிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பட்ஸில் இருப்பதும் போனில் இருப்பது போன்ற லித்தியம் அயான் பேட்டரிதான். போன் பேட்டரி 5000 மில்லி ஆம்பியர் மணி என்றால், ஒரு பக்க பட்ஸில் இருப்பது சுமார் 50. நூற்றில் ஒரு பங்கு. இவ்வகைப் பேட்டரிகள் பொதுவாக 300 முதல் 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகு தம் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். முழுச் சுற்று என்பது நூறு சதவீதச் சார்ஜைச் செலவழிப்பது. ஒரே நாளில் செலவழித்தாலும், நாளுக்கு ஐம்பதாக இரண்டு நாளில் செலவழித்தாலும் ஒன்றுதான்.

வேலை நேரம் முழுக்க காதில் மாட்டியிருப்பவருக்கு ஐந்து மணி நேர பட்ஸ் நாளுக்கு ஒரு சுற்று தீர்ந்துவிடும். 500 சுற்றுகள் ஒன்றரை ஆண்டிலேயே முடிந்துபோகும். அதே பட்ஸை நாளுக்கு இரண்டு மணி நேரம் கேட்பவருக்கு அதே எண்ணிக்கை மூன்று ஆண்டுகளுக்கு மேல் வரும். ஆக, இரண்டாண்டில் நீங்கள் கண்டது வழக்கமான முதுமைதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் மிக விரைவாக அணைந்தால் அது முதுமை ஆகாது என்று வைத்துக்கொண்டு, சார்ஜ் ஏற்றும் பெட்டியைப் பாருங்கள். பட்ஸின் அடியிலும் பெட்டியின் குழியிலும் உள்ள சிறு உலோகப் புள்ளிகளில் அழுக்கு படிந்தால், அந்தப் பக்கம் சார்ஜ் ஏறாமலே நாம் அதை எடுத்துக் காதில் மாட்டுகிறோம். உலர்ந்த பஞ்சுக்குச்சியால் துடைத்தாலே பலருக்கு "பேட்டரி" சரியாகிவிடும்.

வெப்பமும் பேட்டரியை அரிக்கும். வெயிலில் நிறுத்திய காரின் முகப்புப் பலகையிலும், வண்டியின் இருக்கைக்கு அடியிலும் பட்ஸ் பெட்டியை விட்டுச் செல்வது, ஓரிரு கோடைகளில் அதன் பாதி ஆயுளை நாமே தின்பதற்குச் சமம். பல மாதங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் முழுதாகத் தீரவிட்டோ, முழுதாக ஏற்றியோ வைக்காமல் பாதிச் சார்ஜில் வைப்பது நல்லது.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். பட்ஸின் உடலைப் பசையிட்டு மூடிவிடுவதால், திறக்கும்போதே அது உடைந்துவிடுகிறது. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்; வாங்குபவர் கேட்காததால் தயாரிப்பவர் செய்யாமல் விட்டது என்பேன். செய்ய முடியாது என்பதும் உண்மையில்லை. நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட ஃபேர்பட்ஸில், பட்ஸின் பேட்டரி, பெட்டியின் பேட்டரி இரண்டையுமே பயனரே மாற்றிக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நிறைவேற்றிய பேட்டரி ஒழுங்குமுறையும், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற விதியை 2027 பிப்ரவரி 18 முதல் கொண்டுவருகிறது. அங்கே மாறும் வடிவமைப்பு இங்கும் வந்து சேரும் என்று எதிர்பார்க்கிறேன். அதுவரை, பட்ஸ் வாங்கும்போது விலையை இரண்டரை ஆண்டுகளால் வகுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி (இல்லத்தரசி, சென்னை): பட்ஸை இரவு முழுக்கப் பெட்டியிலேயே வைப்பது தவறா?

பதில்: தவறில்லை. நிறைந்ததும் சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். வெளியே மேசையில் கிடந்து தொலைவதைவிடப் பெட்டியே மேல். பெட்டியை மட்டும் நாள்தோறும் இரவு முழுக்க மின்னிணைப்பில் வைக்க வேண்டியதில்லை.

கேள்வி (உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்பவர், கோயம்புத்தூர்): என் பட்ஸ் பெட்டியில் "ஐபிஎக்ஸ்4" என்று அச்சிட்டிருக்கிறது. தண்ணீர் புகாது என்று நம்பித்தான் வாங்கினேன். பத்தே மாதங்களில் ஒரு பக்கம் சார்ஜ் ஏறவில்லை. உலோகப் புள்ளி பச்சை பூத்திருக்கிறது. உத்தரவாதத்தில் வராது என்று கைவிரித்துவிட்டார்கள்.

பதில்: அந்த எண்ணில் 4 என்பது எப்பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்று மட்டுமே பொருள்படும். ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்க வேண்டுமானால் 7 வேண்டும். இரண்டு சோதனைகளும் நல்ல தண்ணீரில், புதுப் பொருளை வைத்துச் செய்பவை. வியர்வை உப்புநீர். அது உலர்ந்தாலும் உப்பு தங்கிவிடும். அடுத்த முறை ஈரம் பட்டதும் மீண்டும் அரிக்கத் தொடங்கும்.

உங்கள் பச்சைப் புள்ளிக்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். பயிற்சி முடிந்த கையோடு ஈரமான பட்ஸைப் பெட்டிக்குள் போட்டு மூடினீர்களா? பெட்டி உடனே சார்ஜ் ஏற்றத் தொடங்கும். உப்பு ஈரத்தின் ஊடே மின்சாரம் பாயும்போது முலாம் கரைந்து, அடியிலுள்ள உலோகம் தின்னப்படுகிறது. சும்மா கிடந்தால் மாதக்கணக்கில் ஆகும் அரிப்பு இதில் விரைந்து நடக்கும். ஆகவே, காதிலிருந்து எடுத்ததும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உப்பை நீக்குங்கள். பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் காற்றில் ஆறவிட்டுப் பெட்டியில் வையுங்கள். மின்விசிறிக் காற்று போதும். முடி உலர்த்தும் கருவியின் சூடு வேண்டாம். காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எறியாமல் மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டுவைத்து, அதில் இரவு முழுக்க பட்ஸை வைப்பது கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்குப் பெரிய உதவி. அரிசிப் பானையில் புதைப்பதால் தவிடும் தூசியும் வலையில் ஏறுவதுதான் மிச்சம். இன்னொன்று: தெறிப்பைத் தாங்கும் என்ற எண் பெரும்பாலும் பட்ஸுக்கு மட்டுமே, பெட்டிக்கு அன்று.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர், சேலம்): என் ஒயர் இயர்போனில் பாட்டு கேட்டால் வாத்தியம் எல்லாம் எங்கோ தொலைவிலிருந்து கேட்கிறது, பாடகர் குரல் மட்டும் காணாமல் போய்விடுகிறது. ஜாக்கைத் திருகிப் பிடித்தால் சரியாகிறது. நானே பற்றவைக்கலாமா?

பதில்: தாராளமாக. இந்தக் குறை விசித்திரமாகத் தோன்றினாலும் காரணம் எளிது. இடம், வலம் இரண்டுக்கும் பொதுவான ஒரு கம்பி உண்டு. அது அறுந்தால் இரு டிரைவர்களும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்துவிடுகின்றன. இரு பக்கத்திலும் சமமாக இருக்கும் ஒலி ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, வேறுபடும் ஒலி மட்டுமே மிஞ்சுகிறது. பாடகர் குரலை வழக்கமாக நடுவில் வைத்தே பதிவு செய்வதால் அதுதான் முதலில் மறைகிறது. கத்தரியை எடுக்கும் முன் போனின் துளையைப் பாருங்கள். பையின் பஞ்சுத் தூசி அடியில் திணிந்து, ஜாக் முழுதாக இறங்காமல் நின்றாலும் இதே குறை வரும். போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குத்தும் குச்சியால் தூசியை நெம்பி எடுக்கலாம்.

அதில் சரியாகாவிட்டால், ஜாக்கிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி ஒயரை வெட்டிவிட்டுப் புது 3.5 மில்லிமீட்டர் ஜாக்கைப் பொருத்துங்கள். மைக் இருந்தால் நான்கு உலோகப் பகுதிகளுள்ள ஜாக்கும், இல்லாவிட்டால் மூன்று உலோகப் பகுதிகளுள்ளதும் வாங்க வேண்டும். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் எளிதில் கிடைக்கும். உள்ளே சிவப்பு, பச்சை அல்லது நீலம், செம்பு நிறம் என மெல்லிழைகள் இருக்கும். பெரும்பாலும் சிவப்பு வலம், பச்சை அல்லது நீலம் இடம், செம்பு பொது. ஆனாலும் மல்டிமீட்டரால் உறுதி செய்துகொள்ளுங்கள். பலர் தோற்பது இதற்கடுத்த கட்டத்தில். அந்த நிறம் இழையின் மேல் பூசிய எனாமல். அது இருக்கும்வரை ஈயம் பற்றாது, மின்சாரமும் கடக்காது. சால்டரிங் முனையில் ஒரு துளி ஈயத்தை உருக்கி, அதற்குள் இழையின் நுனியைச் சில நொடிகள் பிடித்தால் சிறிது புகைந்து எனாமல் எரிந்து, நுனி வெள்ளி போலப் பளபளக்கும். அதன் பிறகே ஜாக்கில் வைத்துப் பற்றவையுங்கள். இழைகளோடு கலந்திருக்கும் நூலை முன்கூட்டியே நறுக்கிவிடுங்கள். அது தீய்ந்து ஈயத்தில் கலந்தால் பற்று நிற்காது.

சரிசெய்ததை மீண்டும் கெடுக்காமல் இருக்க, ஒயரைப் போனைச் சுற்றி இறுக்கிக் கட்டும் பழக்கத்தை விடுங்கள். நான்கு விரல்களில் தளர்வாகச் சுற்றி ஒரு சிறு டப்பாவில் வைத்தால் போதும். கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல் ஜாக்கின் கழுத்தைப் பிடித்து எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பேருந்தில் இறங்கும் அவசரத்தில்தான் மறந்துவிடுகிறது.

கேள்வி (இசை ஆர்வலர், யாழ்ப்பாணம்): புதிய இயர்போனை நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் நன்றாக ஒலிக்குமாம். அதனால் ஆயுள் குறையாதா?

பதில்: மிதமான ஒலியில் ஓடினால் ஆயுள் குறையாது, ஒலியும் காதுக்குத் தெரியும்படி மாறாது. மாறுவது கேட்பவரின் பழக்கம். புதிய இயர்போனில் அடித்தொனி மெலிந்து கேட்டால், அளவு பொருந்தாத ரப்பர் முனைதான் காரணமா என்று முதலில் பாருங்கள். முனை காதை இறுக மூடாவிட்டால் அடித்தொனி வெளியே கசிந்துவிடும். அதை ஈடுகட்ட நாம் ஒலியைக் கூட்டுவோம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர் சராசரியாக 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார அமைப்பு வகுத்த அளவு. பொருந்தாத, கிழிந்த ரப்பர் முனை நம்மை அறியாமலே அந்தக் கோட்டைத் தாண்டவைக்கும்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்): பேரப்பிள்ளைகள் போட்டுவிட்டுப் போன செத்த பட்ஸ் மூன்று ஜோடி வீட்டில் கிடக்கின்றன. குப்பையில் போடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. ஒவ்வொரு பட்ஸிலும் ஒன்று, பெட்டியில் ஒன்று என ஜோடிக்கு மூன்று லித்தியம் பேட்டரிகள் இருக்கின்றன. குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கக்கூடும். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், இத்தகைய கழிவு மறுசுழற்சிக்குப் போய்ச் சேர வேண்டிய பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் சுமத்துகின்றன. ஆகவே, அந்த நிறுவனத்தின் சேவை மையத்திலோ, உள்ளாட்சி அமைப்பு மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுக்கலாம். அதுவரை ஒரு தகர டப்பாவில், வெயில் படாத இடத்தில் வைத்திருங்கள். பெட்டி உப்பியிருந்தால் மட்டும் காத்திராமல் உடனே கொடுத்துவிடுங்கள். அழுத்தி மூடப் பார்க்க வேண்டாம்.